புரோட்டாவுக்கு ஒன்பதாயிரம் வோல்ட்

புதன்கிழமை மாலை ஆறு நாற்பதுக்கு நான் முதலில் பார்த்தது எரியாத ஒரு புரோட்டாவை. ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு புரோட்டாக் கடையின் நெற்றியில் அது இருந்தது. நாலடி அகலத்துக்குக் கண்ணாடிக் குழாயைச் சுருட்டிச் சுருட்டிச் செய்த நியான் போர்டு. நடுவிலிருந்து ஓரம் வரை ஒரே குழாய். எரிந்தால் சிவப்பாக எரிய வேண்டும். அது எரியாமல் முனகிக்கொண்டிருந்தது. வெளி வளையத்தில் விரல் நீளத்துக்கு ஒரு சிவப்பு எட்டிப் பார்த்தது, யோசித்தது, போய்விட்டது.

கீழே மூன்று பேர் அண்ணாந்து நின்றார்கள். ஒருவர் கடை முதலாளி. எதிரில் இருந்த செல்போன் கடை எல்.இ.டி. பட்டை ஒட்டிப் பளபளத்ததால், அதைவிட ஒசத்தியாக வேண்டும் என்று கண்ணாடி நியான் கேட்டவர். இரண்டாமவர் அந்தக் குழாயை வளைத்த கண்ணாடிக்காரர், உள்ளூர்க்காரர். தலையிலும் முகத்திலும் ஒரு முடி கிடையாது. புருவம் மட்டும் உண்டு. மூன்றாமவர் என் அக்காவின் கணவர். ராஜபாளையத்தில் டிரான்ஸ்பார்மர் பட்டறை வைத்திருக்கிறார். போர்டுக்குப் பின்னால் இரும்புப் பெட்டிக்குள் இருந்த டிரான்ஸ்பார்மர் அவர் சுற்றியது. வீட்டுக் கரண்டை வாங்கி ஒன்பதாயிரம் வோல்ட்டாக்கிக் குழாய்க்குக் கொடுப்பது அதன் வேலை.

அத்தானைப் பற்றிச் சொல்லும்போது மீசையைத் தனியாகச் சொல்ல வேண்டும். இரண்டு முனையும் ஸ்கூட்டர் கைப்பிடி போல மேலே பார்க்கும். அக்கா மகள் அதைப் பிடித்துக்கொண்டுதான் நடை பழகினாள் என்பது அக்காவின் கூற்று. என்னால் சரிபார்க்க முடியவில்லை. அந்த மகளுக்கு வருகிற ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம்.

"கரண்டு பத்தல அண்ணாச்சி. உங்க பொட்டி மூச்சு வாங்குது" என்றார் கண்ணாடிக்காரர்.

"எம் பொட்டி ஒன்பதாயிரம் வோல்ட்டு குடுக்கும்யா. ஒங் குழாய்ல காத்துப் போயிருச்சு."

"குழாய்ல காத்தே கிடையாதே. காத்தை எடுத்துட்டுத்தான நியானை அடைக்கோம்."

"அப்ப எடுக்காம விட்டுட்ட."

முதலாளி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏன்யா, மேல இருக்கிற புரோட்டா எரியுமா, எரியாதா? அதப் பாத்துக்கிட்டு நின்னதுல மாஸ்டர் கல்லுல கெடந்தத எரிச்சுப்புட்டான்."

கருகல் வாசனை வந்தது. அதோடு சந்தன வாசனையும் வந்தது. நான் மூக்கை உறிஞ்சியதைப் பார்த்து, "நம்ம கடை ஊதுபத்தி. ஒண்ணு கொளுத்துனா தெரு முழுக்க மணக்கும்" என்றார் முதலாளி.

அத்தான் அப்போதுதான் அந்தச் சொல்லைச் சொன்னார். புரோட்டா தின்றுகொண்டிருந்தவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படியாகச் சொன்னார்.

"எம் டிரான்ஸ்பார்மரால இது எரியலன்னு நிரூபிச்சுட்டா, மீசைய எடுத்துருதேன்."

கடையில் தட்டுச் சத்தம் நின்றது. கண்ணாடிக்காரர் தன் தலையைத் தடவினார். கன்னத்தைத் தடவினார். "எங்கிட்ட எடுக்க என்னத்த இருக்கு அண்ணாச்சி? குழாயில கோளாறுன்னா ரெண்டு புருவத்தையும் எடுத்துருதேன்."

நடுவராக என்னைப் போட்டார்கள். நான் மதுரையில் ஒரு நாளிதழில் செய்தி மேசையில் இருந்துவிட்டு இப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் வீட்டோடு இருக்கிறேன். "பேப்பர்ல இருந்தவுக. ரெண்டு பக்கமும் கேப்பாக" என்று முதலாளி காரணம் சொன்னார். அங்கே நான் பெரும்பாலும் முடிவு செய்தது தலைப்பு இரண்டு வரியா மூன்று வரியா என்பதைத்தான். அதை யாரும் கேட்கவில்லை.

அக்காவுக்குச் செய்தி எனக்கு முன்பே போயிருந்தது. போனை எடுத்ததும் தொடங்கினாள்.

"ஏலே தம்பி, நீ அங்கனதான நின்ன? வாயப் பொத்தியிருக்கக் கூடாதா? பொண்ணு பாக்க வந்தப்ப மாப்பிள்ளையோட அப்பா எங்கிட்ட ஒரு வார்த்தைதான் சொன்னாக. 'மீசையப் பாத்தாலே ஒரு நம்பிக்கை வருது'ன்னாக. ஞாயித்துக்கிழமை இவுக மொழுமொழுன்னு வந்து நின்னா, நம்பிக்கைக்கு நான் எங்க போறது?"

வெள்ளிக்கிழமை காலை ராஜபாளையம் போனேன். பட்டறை வீட்டுக்குப் பக்கவாட்டில் இருக்கிறது. கண்ணாடிக்காரர் எனக்கு முன்பே வந்து, ஸ்டூலில் உட்கார்ந்து அக்கா கொடுத்த காப்பியைக் குடித்துக்கொண்டிருந்தார். எதிர்க்கட்சிக்கு வேண்டிய மரியாதை குறைவில்லாமல் நடந்தது. போர்டிலிருந்து கழற்றிக்கொண்டு வந்த டிரான்ஸ்பார்மர் சோதனைக்காக மேசை மேல் இருந்தது. செங்கல்லை விடக் கொஞ்சம் பெரிய இரும்புப் பெட்டி. பக்கத்துக்கு ஒன்றாகப் பீங்கானில் இரண்டு கொம்பு. அந்தக் கொம்புகளின் நுனியிலிருந்துதான் உயர் அழுத்தம் வெளியே வரும்.

கொம்புகளில் பழுப்பாக ஒரு கோடு காய்ந்து கிடந்தது. அத்தான் அதைத் துணியால் அழுத்தித் துடைத்தார்.

"இது என்ன அத்தான்?"

"சந்தனம் மாப்ள. பட்டறைய விட்டு எது போனாலும் வெச்சுத்தான் அனுப்புவேன். ராஜபாளையத்துக்குள்ளன்னா குறுக்க மூணு பட்டை. ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போற சாமானுக்கு மேலருந்து கீழ, நடுவுல குங்குமம். அந்தந்த ஊருக்கு அந்தந்த மரியாதை."

"நியான் டிரான்ஸ்பார்மர் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு எத்தனை போயிருக்கு?"

"இதான் மொதல்ல போறது. அங்க எல்லாரும் எல்.இ.டி.க்குப் போயிட்டாங்கள்ல."

பிறகு அளவை தொடங்கியது. முதலில் கம்பிச் சுற்றின் தடை. மல்டிமீட்டரின் ஒரு முனையை இரும்புப் பெட்டியில் வைத்து, மறுமுனையை ஒவ்வொரு கொம்பிலும் வைத்தார். கம்பி உள்ளே அறுந்திருந்தால் மீட்டர் எதுவும் காட்டாது. ஒரு பக்கம் நாலாயிரத்து அறுநூறு ஓம், மறுபக்கம் நாலாயிரத்து எழுநூறு.

"நூறு வித்தியாசம் இருக்கே" என்றார் கண்ணாடிக்காரர்.

"ஒன் ரெண்டு காதும் ஒரே அளவாய்யா?"

நாங்கள் பார்த்தோம். ஒரே அளவாக இல்லை. முடி இல்லாததால் நன்றாகவே தெரிந்தது. முதல் சோதனையில் டிரான்ஸ்பார்மர் தேறியது.

இரண்டாவது, வோல்ட் கணக்கு. ஒன்பதாயிரம் வோல்ட்டை அந்த மீட்டரில் நேராக அளக்க முடியாது. "எழுநூத்தம்பதுக்கு மேல போனா மீட்டருக்குக் காரியம் பண்ண வேண்டியதுதான்" என்றார் அத்தான். அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். உள்ளே போகும் கரண்டைக் குறைத்துக் கொடுத்தால், வெளியே வருவதும் அதே விகிதத்தில் குறையும். விகிதம் தெரிந்தால் போதும், பெருக்கிக்கொள்ளலாம். குறைந்த கரண்டுக்காக வீட்டு வாசல் காலிங் பெல்லின் சின்ன டிரான்ஸ்பார்மரைக் கழற்றிக்கொண்டு வந்திருந்தார். அது ஆறு வோல்ட் கொடுக்கும். ஆறு வோல்ட் உள்ளே போனது. இரண்டு கொம்புக்கும் இடையில் மீட்டர் இருநூற்று முப்பத்தைந்து காட்டியது.

"ஆறுக்கு எரநூத்தி முப்பத்தஞ்சு. வீட்டுக் கரண்டு எரநூத்தி முப்பது. போடு மாப்ள கணக்கை."

போனில் போட்டேன். ஒன்பதாயிரத்து எட்டு.

"எட்டு வோல்ட்டு ஓசி" என்று கண்ணாடிக்காரரைப் பார்த்துச் சொன்னார்.

மூன்றாவது சோதனைக்கு அத்தான் மரப்பலகை மேல் ஏறி நின்றார். இதில் முழுக் கரண்டு. இரண்டு கொம்பையும் மீட்டர் வழியாக ஒன்றோடொன்று இணைத்துவிட்டு, வெளிவரும் மில்லி ஆம்பியரைப் பார்க்க வேண்டும். உயர் அழுத்த வேலையில் ஒரு கை மட்டும்தான் நீளலாம். இன்னொரு கை சட்டைப் பையில் இருக்க வேண்டும் என்பது தொழில் விதி. அத்தானின் சட்டையில் கை போகிற அளவுக்குப் பை இல்லை. ஆகவே இடக்கையை முதுகுக்குப் பின்னால் மடித்து, மூங்கில் கம்பை வலக்கையில் நீட்டி, தூரத்திலிருந்து சுவிட்சைத் தட்டினார். பக்கவாட்டில் பார்த்தால் கத்திச் சண்டைக்கு நிற்பது போல இருந்தது.

அந்த நிலையில்தான் வாசலில், "நல்ல தோரணை" என்று ஒரு குரல் கேட்டது.

மாப்பிள்ளையின் அப்பா. வத்திராயிருப்பிலிருந்து, ஞாயிற்றுக்கிழமைக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று நேரில் சொல்லிப் போக வந்திருக்கிறார். காலிங் பெல்லை அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டு, பக்கவாட்டில் சுற்றி வந்திருக்கிறார்.

அத்தானால் கும்பிட முடியவில்லை. ஒரு கை முதுகில், ஒரு கையில் கம்பு. "வாங்க சம்பந்தி. செத்த பொறுங்க. கரண்டு ஓடுது" என்றார்.

மீட்டர் முப்பத்தொன்று காட்டியது. சுவிட்சை அணைத்துவிட்டு, கும்பிட்டுவிட்டு, விளக்கினார். சாதாரண டிரான்ஸ்பார்மரை இப்படி இணைத்தால் கரண்டு கட்டுக்கடங்காமல் ஏறி எரிந்துபோகும். நியான் டிரான்ஸ்பார்மருக்குள் இதற்கென்றே ஓர் இரும்புத் தடுப்பு வைத்திருப்பார்கள். என்ன செய்தாலும் முப்பது சொச்சத்துக்கு மேல் விடாது.

"அதாவது, கோவம் வந்தாலும் அளவாத்தான் வரும்னு சொல்லுங்க" என்றார் சம்பந்தி.

"அதேதான்."

"பொண்ணும் அப்படித்தானா?"

உள்ளேயிருந்து அக்கா, "அவ அவுக அப்பா மாதிரி" என்றாள். சம்பந்தி மேசை மேலிருந்த மூங்கில் கம்பைப் பார்த்தார்.

எதற்காக இந்தச் சோதனை என்று அவர் கேட்டார். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கையில் கண்ணாடிக்காரர் ஒன்று விடாமல் சொல்லிவிட்டார். அடுக்களையில் ஒரு தட்டு விழுந்தது. சம்பந்தி கொஞ்ச நேரம் மீசையை ஆராய்ந்தார்.

"மீசைய வச்சுப் பந்தயமா? நல்லது. சொன்ன சொல்லுல நிக்கிற எடமாத்தான் நாங்களும் தேடுனோம்" என்றார். காப்பி குடித்தார். வருகிறவர்கள் எத்தனை பேர் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் தெரு திரும்பியதும் அக்கா வெளியே வந்தாள். "முந்தி மீசை போனாத்தான் மானம் போகும். இப்ப தோத்துட்டு மீசைய வச்சுக்கிட்டு நின்னாலும் போகும். நல்லா அளந்தீக."

"தோத்தாத்தான? மூணுலயும் தேறியிருக்கு. மாப்ள, சொல்லு."

டிரான்ஸ்பார்மர் மூன்றிலும் தேறியது என்று அறிவித்தேன். கண்ணாடிக்காரர் தலையாட்டிவிட்டு, தன் பையிலிருந்து போனை எடுத்து ஒரு வீடியோவைப் போட்டார். அதில் அதே நியான் புரோட்டா, வேறொரு டிரான்ஸ்பார்மரில், செக்கச்செவேலென்று எரிந்துகொண்டிருந்தது. குழாயும் தேறியது. தனித்தனியே இரண்டும் நல்லவை. சேர்ந்தால் எரியவில்லை. பத்திரிகையில் இப்படி ஒரு செய்தி வந்தால், நிருபரைத் திரும்பவும் போய் விசாரிக்கச் சொல்வோம்.

நான் கிளம்பும்போது அக்கா சந்தனம் அரைத்துக்கொண்டிருந்தாள். அத்தான் கொம்புகளுக்குப் புதிதாக, மேலிருந்து கீழாக, இந்தத் தடவை கொஞ்சம் கனமாகவே வைத்தார்.

சனிக்கிழமை மாலை ஸ்ரீவில்லிபுத்தூரில் தூறிக்கொண்டிருந்தது. அத்தான் ஏணியில் ஏறி டிரான்ஸ்பார்மரைப் பெட்டிக்குள் வைத்து, வயரை மாட்டி, மூடியைப் போட்டார். ஏணியைக் கீழே பிடித்துக்கொண்டது கண்ணாடிக்காரர். அத்தான் ஏணியிலும் ஒரு கையை முதுகில் மடித்துக்கொண்டதால், பிடிக்கிறவருக்குத்தான் பயம் அதிகம்.

"அண்ணாச்சி, அந்தக் கைய எடுத்து ஏணியப் பிடிங்க. மீசைக்குத்தான் பந்தயம், உசுருக்கு இல்ல."

முதலாளி சுவிட்சைப் போட்டார். போர்டு முனகியது. விரல் நீளச் சிவப்பு வந்தது, யோசித்தது, போனது. புதன்கிழமை பார்த்த அதே காட்சி. சந்தன வாசனையும் வந்தது, முன்னைவிடத் தூக்கலாக. சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவர் எழுந்து போய்க் கை கழுவிவிட்டு வந்து, கோபுரம் இருக்கும் திசையில் கும்பிட்டார்.

"முதலாளி, இன்னைக்கு என்ன ஊதுபத்தி?" என்று கேட்டேன்.

"இன்னைக்குக் கொளுத்தலயே. தீந்துபோச்சு. பையனை வாங்கியாரச் சொல்லணும்."

"அப்போ வாசனை எங்கிருந்து வருது?"

எல்லோரும் மூக்கைத் தூக்கினார்கள். மூக்குகள் ஒவ்வொன்றாகப் போர்டின் பக்கம் திரும்பின.

கடை முகப்பு விளக்கை அணைக்கச் சொன்னேன். டிரான்ஸ்பார்மர் பெட்டியின் மூடியை, கரண்டை நிறுத்திவிட்டுத் திறந்து வைத்துக்கொண்டு, எல்லோரும் தள்ளி நின்றபின் மறுபடி சுவிட்சைப் போட்டார்கள். இருட்டில் தெளிவாகத் தெரிந்தது. கொம்பின் உச்சியில் நீலமாக ஒரு நெளிவு பிறந்தது. அது சந்தனக் கோட்டின் மேலேயே, சற்றும் விலகாமல் இறங்கி, அடியிலிருந்த இரும்பைத் தொட்டது. தொட்ட இடத்தில் புகை. புகையில் மணம். குழாய்க்குப் போக வேண்டிய கரண்டு ஈரச் சந்தனத்தைப் பாதையாகப் பிடித்து, பெட்டிக்குள் இறங்கிவிட்டிருந்தது.

பீங்கான் கொம்பு இருப்பதே உச்சியிலிருக்கும் கரண்டு அடியிலிருக்கும் இரும்புக்கு வராமல் தடுக்கத்தான். குறுக்கே மூன்று பட்டை போட்டால் பட்டைகளுக்கு நடுவே வெறும் பீங்கான் மிஞ்சும். ராஜபாளையத்துக்குள் போனவை அதனால்தான் பிழைத்தன. நெடுக்காக ஒரே கோடு போட்டதில் உச்சிக்கும் அடிக்கும் ரோடு விழுந்துவிட்டது. வெள்ளிக்கிழமைச் சோதனைகளில் இது ஏன் தெரியவில்லை என்பதற்குக் கஷ்டமான விளக்கம் தேவையில்லை. அத்தான் சோதனைக்கு முன்னால் சந்தனத்தைத் துடைத்துவிட்டார். சோதனைக்குப் பின்னால் வைத்தார்.

கரண்டை நிறுத்தி, கொம்புகளைத் துடைத்து, கருகிய இடத்தைச் சுரண்டி, காய்ந்த துணியால் மறுபடி துடைத்தார்கள். சுவிட்ச் விழுந்தது. நாலடிப் புரோட்டா ஒரே நொடியில் சிவப்பாக எரிந்தது. செல்போன் கடைக்காரர் வெளியே வந்து பார்த்தார். முதலாளி கைதட்டினார். மாஸ்டர் அண்ணாந்து பார்த்து நின்றதில் கல்லில் ஒரு வரிசை கருகியது.

அத்தான் ஏணியிலிருந்து இறங்கவில்லை. மேலே நின்றபடியே வழக்கைத் தொடங்கினார்.

"கோளாறு சந்தனத்துல. டிரான்ஸ்பார்மர்ல இல்ல."

"சந்தனம் எங்க இருந்துச்சு அண்ணாச்சி? எம் மண்டையிலயா?"

"சந்தனத்த நான் சுத்தல. மரத்துல வந்தது."

"மரம் வந்தா வெச்சுச்சு?"

என்னைப் பார்த்தார்கள். முதலாளி, மாஸ்டர், கை கழுவிக் கும்பிட்டவர், எல்லோரும் பார்த்தார்கள். நான் சொன்னேன்: "டிரான்ஸ்பார்மர் நல்ல டிரான்ஸ்பார்மர். குழாய் நல்ல குழாய். போர்டை எரியவிடாமல் செய்தது, பட்டறையிலிருந்து டிரான்ஸ்பார்மரோடு வந்த சரக்கு."

"இது தலைப்பா, தீர்ப்பா மாப்ள?"

"ரெண்டும்தான் அத்தான்."

அவர் இறங்கினார். முதலாளி உட்காரவைத்து முட்டைப் புரோட்டா போட்டார். அத்தான் மீசையில் சால்னா படாமல், வழக்கம் போல இடக்கையால் முனைகளை ஒதுக்கிக்கொண்டு சாப்பிட்டார். கண்ணாடிக்காரர் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"அண்ணாச்சி, விடுங்க. நாளைக்கு விசேஷம். நான் யாருகிட்டயும் கேக்க மாட்டேன். மீசைய வச்சுக்கிடுங்க."

"நீ கேக்க மாட்ட. சம்பந்தி கேப்பாரு. 'புரோட்டா எரிஞ்சுதா'ன்னுதான் வந்ததும் கேப்பாரு. எரிஞ்சுதுன்னா, ஏன் மொதல்ல எரியலன்னு கேப்பாரு."

"சந்தனம்னு சொல்லாதீக."

"எப்படிச் சொல்லாம? நாளைக்கு வீடு பூராம் அதான மணக்கப்போகுது."

ஞாயிற்றுக்கிழமை காலை நானும் உடன் போனேன். முடி திருத்துகிறவர், "முனைய மட்டுமா?" என்று கேட்டார். பிறகு, "கொஞ்சமா?" என்று கேட்டார். பிறகு என்னைப் பார்த்து, "வீட்ல எதும் துக்கமா?" என்று கேட்டார். நிச்சயதார்த்தம் என்றேன். அவர் கத்தியைத் திரும்பவும் தீட்டினார்.

வீட்டு வாசலில் அத்தான் காலிங் பெல்லை அழுத்தினார். டிரான்ஸ்பார்மரை மறுபடி மாட்டியிருந்ததால் அது அடித்தது. அக்கா ஜன்னல் வழியாகப் பார்த்து, "அவுக வெளிய போயிருக்காக, பொறவு வாங்க" என்றாள். நான் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள், அத்தானைப் பார்த்தாள், கதவைத் திறந்தாள். வெகு நாள் வெயிலே படாத மேலுதடு, கத்தி பட்டுச் சிவந்து தடித்திருந்தது. மொட்டை போட்ட தலைக்குப் போடுவதைத்தான் இதற்கும் போட வேண்டும் என்று, அக்கா அரைத்து மீந்திருந்ததை எடுத்து வந்தாள்.

பத்தரைக்கு வத்திராயிருப்பு வேன் வந்தது. சம்பந்தி முதலில் இறங்கினார். வாசலில் நின்றவரை மேலும் கீழும் பார்த்தார்.

"புரோட்டா எரிஞ்சுதா?"

"எரிஞ்சுது சம்பந்தி."

"சொன்ன சொல்லுல நின்னுட்டீக" என்று சொல்லி, அத்தானின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

நிச்சயதார்த்தப் படம் அக்கா வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. அதில் அத்தானின் மேலுதட்டில் சந்தனம் பூசியிருக்கிறது, குறுக்காக.